புகையோடு போகும் பணம்!

அச்சங்குளம் என்றதும் ஜனங்களுக்கு ஒரு வெடிச் சத்தம்தான் நினைவுக்கு வருகிறது. 2021 பிப்ரவரி 12 அன்று, விருதுநகர் மாவட்டத்திலுள்ள அந்த ஊரில் பட்டாசு ஆலை வெடித்தது. 20 பேருக்கு மேல் மாண்டார்கள்.

ஆபத்து என்று தெரிந்தும் ஏன் போகிறார்கள்? வேறு வேலை இல்லை. அந்தப் பக்கம் மானாவாரிப் பூமி. மழை பெய்தால் வயலில் வேலை; பொய்த்தால் வெடிமருந்தில் வேலை.

மழை பொய்த்தாலும் பொய்க்காத ஒன்று அங்கே உண்டு. அதுதான் சீமைக்கருவேலம்!

கரி மிஞ்சுகிறது, மற்றது?

கண்மாயிலும் தரிசிலும் மண்டிக் கிடக்கும் இந்த மரத்தை வெட்டி அடுக்கி, மண்ணால் மூடித் தீ வைக்கிறார்கள். இதுதான் கரிமூட்டம். பல நாள் புகைந்த பிறகு பிரித்தால் கரி கிடைக்கும். கரி லாரியில் ஏறுகிறது. புகை வானத்தில் ஏறுகிறது.

அந்தப் புகையில் போவது என்ன தெரியுமா? பணம்!

100 கிலோ காய்ந்த விறகை மண்மூட்டத்தில் போட்டால் 20 கிலோ கரி கிடைப்பதே பெரிது. நல்ல மூடிய உலையில் 30 கிலோ வரை கிடைக்கும். அதோடு, புகையைக் குழாய் வழியே விட்டுக் குளிர வைத்தால் அது நீராக இறங்கும். அதில் அசெட்டிக் அமிலம் இருக்கிறது. காடிக்குப் புளிப்புத் தருவது அதுதான். பல ரசாயனப் பொருள்களுக்கு மூலமான மெத்தனால் இருக்கிறது. மரம் உளுக்காமல் பூசுகிற தாரும் இருக்கிறது.

பத்திராவதி காட்டிய வழி

இது வெறும் கனவு அல்ல. மைசூர் சமஸ்தானத்தின் பத்திராவதி இரும்பு ஆலை 1923-ல் ஓடத் தொடங்கியது. அதை நடத்தும் பொறுப்பை விசுவேசுவரய்யா ஏற்றார். இரும்பை உருக்கக் காட்டு விறகைக் கரியாக்கினார்கள். அந்தப் புகையை வீணாக்காமல் மெத்தனாலும் தாரும் எடுத்தார்கள்.

“பிறகு ஏன் இந்தத் தொழில் உலகமெங்கும் படுத்தது?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலக்கரியிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் அதே பொருள்கள் மலிவாகக் கிடைத்தன. அதனால் விறகை விட்டார்கள்.

இன்று காற்று திரும்பியிருக்கிறது. அசாமில் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எத்தனாலும் அசெட்டிக் அமிலமும் எடுக்கும் ஆலை 2025-ல் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. அடுப்பில் எரிந்து போன கரும்புச் சக்கையைக் காகிதமாக்குகிறது, கரூர் அருகே காகிதபுரத்திலுள்ள அரசு ஆலை.

செய்ய வேண்டியது என்ன?

சீமைக்கருவேலத்தை அகற்ற 2022-ல் தமிழக அரசு கொள்கை வகுத்தது. அகற்றும் மரம் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. வெட்டியவனுக்குக் கூலி, வாங்கியவனுக்கு லாபம் என்று முடிந்துவிடக் கூடாது.

ஊர்க் கூட்டுறவுச் சங்கங்கள் மூடிய உலை வைக்க அரசு கடன் தர வேண்டும். உலை, பட்டாசு ஆலைகளுக்கு வெகு தொலைவில் இருக்க வேண்டும். இறங்கும் நீரை ஊரில் பிரிக்கக் கூடாது. மெத்தனால் கொடிய விஷம். குடித்தால் கண் போகும், உயிரும் போகும். மாவட்டத்துக்கு ஒரே ஆலை, அரசின் கண்காணிப்பில், அதைச் சுத்திகரிக்கட்டும்.

லாபம் வருகிறதென்று இந்த மரத்தையே மீண்டும் வளர்க்கவும் கூடாது. அது தீர்ந்த பின், பருத்திமாரும் சோளத்தட்டையும் உலைக்குப் போகலாம்.

இதனால் பட்டாசுத் தொழில் நின்றுவிடாது. ஆனால், “இந்த வேலை வேண்டாம்” என்று சொல்ல ஒரு தாய்க்கு வழி பிறக்கும். வேறு வேலை இருக்கிறவளால்தான் அப்படிச் சொல்ல முடியும்!