நூறு ரூபாயில் ஏழு காசு கூட இல்லை!



"ரோடு போட காசில்ல, ஆஸ்பத்திரியில மருந்தில்ல, இதுல கூத்தாடிக்கு எதுக்குப்பா அரசாங்கப் பணம்?"

டீக்கடையில் இந்தக் கேள்வி நம் காதில் விழாத நாளில்லை. கேட்கிறவர் கெட்டவர் இல்லை, நம்ம ஆளுதான். அதனால கோபப்படாம கணக்கோடு பதில் சொல்லுவோம்.

ஒன்றிய அரசின் 2025-26 பட்ஜெட் சுமார் 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் கலாச்சார அமைச்சகத்துக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 3,361 கோடி. நூறு ரூபாய்க்கு ஏழு காசு கூட வரலை! அதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொல்லியல் துறைக்குப் போகுது. போகட்டும், கீழடி கண்ட மண்ணில் அதை வேண்டாம்னு யார் சொல்லுவா? மிச்சத்தில் அருங்காட்சியகம், நூலகம், விழா எல்லாம் போக, மேடையில் ஆடுகிறவன் கைக்கு வருவது அந்த ஏழு காசின் விளிம்புதான். இதை வெட்டி எந்த ஊருக்கு ரோடு போட முடியும்?

ஆனாலும் வெட்டினார்கள். எப்போ வெட்டினார்கள்னு பாருங்க. 2020-21 பட்ஜெட்டில் 3,150 கோடியாக இருந்த ஒதுக்கீடு 2021-22இல் 2,688 கோடி ஆனது. கிட்டத்தட்ட 15 சதவீதம் குறைவு. கொரோனாவால் நாடெங்கும் மேடைகள் இருண்டு கிடந்த நேரம் அது. நம்ம பக்கம் மாசி, பங்குனி, சித்திரை, வைகாசிதான் நோம்பி மாதங்கள். கூத்து ஜமாவுக்கு வருஷத்துக்கும் சோறு போடுவது அந்த நாலு மாசம்தான். 2020இல் அது போச்சு, 2021இலும் போச்சு. கை கொடுக்க வேண்டிய நேரத்தில் கையை இழுத்துக்கொண்டது டெல்லி.

ஓமலூர், எடப்பாடி, சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம் பக்கம் பிறந்தவர்களுக்குக் கூத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் திரை பிடித்தால் பொழுது விடியும்வரை ஆட்டம். முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம், தாளம். மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் சுமந்துகொண்டு ஒரு மனுசன் ராத்திரி பூரா சுற்றி ஆடுவான். மழை வேணும்னா விராட பருவம் வைப்போம். சாவு வீட்டுக் காரியத்துக்குக் கர்ண மோட்சம் வைப்போம். நம் நல்லதுக்கும் கெட்டதுக்கும் கூத்து வேணும். கூத்து முடிந்து அரிதாரத்தைக் கழுவின கையோடு அவன் தறிக்கோ செங்கல் சூளைக்கோ கூலிக்குப் போவதைப் பற்றி மட்டும் நமக்குக் கவலையில்லை. அவன் மகனுக்கு அடவு தெரியும், ஆனால் அப்பன் பட்ட பாட்டைப் பார்த்தவன் எதுக்கு ஆட வரப்போறான்?

"சினிமா அரசாங்கப் பணத்திலயா வளர்ந்துச்சு? ஜனம் காசு கொடுத்துப் பார்த்தா கலை தானா பிழைக்கும்" என்பது அடுத்த வாதம். இதற்கான பதில் சேலத்திலேயே, ஏற்காடு சாலையிலேயே நிற்குது. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ். மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' (1938) இவர்கள் எடுத்தது. முழுநீள வண்ணத்தில் தமிழில் முதலில் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) இவர்களுடையது. நூறு படங்களுக்கு மேல் எடுத்த அந்த இடத்தில் இன்னிக்கு மிச்சம் ஒரு நுழைவாயில் வளைவு. அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறோம். லாபம் இருக்கிறவரை சந்தை கலையை வைத்துக்கொள்ளும், லாபம் போனால் இடத்தை விற்றுவிட்டுப் போகும். கோடி கோடியாகப் புரண்ட தொழிலுக்கே இந்தக் கதின்னா, தட்டில் விழும் பத்து ரூபாயை நம்பும் முகவீணைக்காரர் எங்கே போவார்?

மாநிலத்தில் நல்லது நடக்கவே இல்லைன்னு சொன்னால் அது பொய். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியம் 2007இல் வந்தது. அதே ஆண்டு சென்னை சங்கமம் தொடங்கியது. ஆனால் 2011க்குப் பிறகு சங்கமம் நின்றது, திரும்ப வர 2023 பொங்கல் ஆயிற்று. இடையில் பத்து வருஷத்துக்கு மேல் கலைஞனுக்கு வயிறு இல்லையா? ஆட்சி மாறினால் நிற்கும், திரும்பினால் வரும் என்கிற விழாவை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. நலிந்த கலைஞருக்கான மாத உதவி 3,000 ரூபாய், ஒரு நாளைக்கு நூறு ரூபாய்! அதுவும் 58 வயது ஆன பிறகு.

இன்னொரு அநியாயம் பலருக்குத் தெரியாது. கலை நிகழ்ச்சிக்குப் போகும் கலைஞர்களுக்கு ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் 75 சதவீதம் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போயிடுச்சு, சலுகை வரலை. டெல்லியில் விழா மேடையில் ஆட ஆள் வேணும், டிக்கெட் மட்டும் முழுசா வாங்கிட்டு வரணுமாம்.

மேட்டூர் வட்டம் ஏர்வாடியில் 'மணல்வீடு' இதழ் நடத்தும் மு.ஹரிகிருஷ்ணன், கூத்துக் கலைஞர்களைத் தேடிப் பிடித்து விழா எடுத்துக் கௌரவித்து வருகிறார். ஒரு சிற்றிதழ்க்காரர் செய்கிற வேலையை இரண்டு மாவட்ட நிர்வாகங்கள் சேர்ந்தால் செய்ய முடியாதா?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் வட்டந்தோறும் முகாம் போட்டு விடுபட்ட கலைஞர்களை வாரியத்தில் சேர்க்கணும். ஜமாக்களுக்கு அரசுப் பள்ளிகளில் ஆண்டுக்கு இத்தனை கூத்து என்று உறுதி வேணும், கூலி அன்னிக்கே கையில் வரணும். கலைக்கான தொகை எந்த ஆட்சி வந்தாலும் குறையாதபடி பட்ஜெட்டில் தனித் தலைப்பில் நிற்கணும். ரயில் சலுகையை நம்ம எம்.பி.க்களிடம் கேளுங்க, எந்தக் கட்சி எம்.பி.யாக இருந்தாலும் கேளுங்க.

அடுத்த கிராமசபைக் கூட்டத்துக்குப் போகும்போது உங்க ஊர் ஜமா வாத்தியாரையும் கூட்டிட்டுப் போங்க. இதைத் தீர்மானமாக வைத்து, பதிவேட்டில் எழுதினதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்க.