உம்மா சும்மாதான் வீட்டில் இருக்கிறா

ஒவ்வொரு வருடமும் வகுப்பாசிரியைக்கு நிரப்பிக் கொடுக்கும் படிவத்தில் "தாயின் தொழில்" என்று ஓர் இடம் இருக்கிறது. நம்மில் பலர் யோசிக்காமலே அதில் "இல்லத்தரசி" என்று எழுதிவிடுகிறோம். அப்படி எழுதப்படும் உம்மாமாரில் ஒருவர் புடைவைக் கடைக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறார். இன்னொருவர் சுபஹுக்கு முன்பே எழும்பி இடியப்பம் அவித்துக் கினிகத்தேனைக் கடைகளுக்கு அனுப்புகிறார். நோன்பு மாதத்தில் சமோசா, பெருநாளைக்கு வட்டிலப்பம் என்று ஓடர் எடுப்பவர்களை எண்ணி முடியாது. யாராவது விசாரித்தால் வீட்டில் சொல்லும் பதில் ஒன்றுதான்: "உம்மா சும்மாதான் வீட்டில் இருக்கிறா."

வீட்டிலிருந்தே உழைப்பது பெண்ணுக்கு வசதி என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிள்ளையையும் பார்க்கலாம், நாலு காசும் தேடலாம், வெளியே போய் அலையத் தேவையில்லை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஹட்டனுக்கோ நாவலப்பிட்டிக்கோ தினமும் பஸ்ஸில் போய் வருவது லேசான காரியமா? ஆனால் இந்த வசதியில் யாருக்கு எவ்வளவு பங்கு கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

தையல் வேலையையே எடுத்துக்கொள்வோம். மெஷின் அடுப்படிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். சட்டைக்குக் கை பொருத்தும் நேரம் பார்த்துச் சோறு பொங்கும், சின்னவன் அழுவான், பக்கத்து வீட்டு மாமி "சும்மாதானே இருக்கிறாய்" என்று வந்து உட்காருவார். கடையில் நிற்கும் ஆணிடம் யாரும் அப்படிப் போய் உட்காருவதில்லை. உட்கார்ந்து கதைத்தாலும் அது வியாபாரம் என்றுதான் கணக்கு! பகலில் அறுந்து போன வேலை இரவு எல்லோரும் படுத்த பிறகு தொடரும். நம் ஊரில் மே மாதத்து மழை பிடித்துவிட்டால் நடுப்பகலிலும் லைட் போடாமல் ஊசியில் நூல் கோர்க்க முடியாது. அந்த மின்சாரமும் நூலும் ஊசியும் மெஷின் நிற்கும் இடமும் வீட்டுக் கணக்கில். கடைக்காரர் கொடுப்பது ஓர் உடுப்புக்கு இவ்வளவு என்று ஒரு தொகை மட்டுமே. வாடகை கொடுக்காமலே அவருக்கு ஒரு தொழிற்சாலை கிடைத்திருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, உம்மாமார் கரண்ட் வரும் நேரம் பார்த்து நடுச்சாமத்தில் எழும்பித் தைத்தார்கள்.

நம்மைச் சுற்றியுள்ள தோட்டங்களைப் பாருங்கள். கொழுந்து பறிக்கும் தாய் காலையில் பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகிறார். அட்டைக்கடியும் மழையும் குறைந்த சம்பளமுமான அந்த வாழ்க்கையைப் பார்த்து யாரும் பொறாமைப்பட முடியாது. லயத்துக்குத் திரும்பினால் அவருக்கும் அடுப்பு காத்திருக்கிறது. என்றாலும் அவர் மலையில் நிற்கும் நேரம் வேலை நேரம் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அவருடைய சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 வீதமும் நிருவாகத்திடமிருந்து 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போக வேண்டும். பிள்ளை பெற்றால் 12 வார மகப்பேற்றுச் சலுகை சட்டத்தில் இருக்கிறது. கடைக்குத் தைத்துக் கொடுக்கும் உம்மாவின் பெயரில் அப்படி ஒரு சதம் சேர்வதை நான் கண்டதில்லை. நாற்பது முடியும் முன்பே மெஷினில் உட்கார்ந்தவர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

இது மாற்ற முடியாத ஒன்றல்ல. தமிழ்நாட்டில் திருநெல்வேலிப் பக்கம் ஏராளமான பெண்கள் வீட்டில் இருந்தபடியே பீடி சுற்றுகிறார்கள். மேலப்பாளையத்து முஸ்லிம் பெண்களும் அவர்களில் அடக்கம். (பீடி நல்ல பொருள் என்று நான் சொல்ல வரவில்லை.) வீட்டில் இருந்து சுற்றுகிறவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர் என்றுதான் இந்தியாவின் பீடி முதலாளிமார் வாதாடினார்கள். 1985இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வீட்டில் இருந்து சுற்றினாலும் அவர்கள் ஊழியர்களே, சேமலாப நிதி அவர்களுக்கும் உரியது என்று தீர்ப்பளித்தது. 1996இல் சர்வதேச தொழில் தாபனம் வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கென்றே 177ஆம் இலக்கச் சமவாயத்தைக் கொண்டுவந்தது. கூலி, சமூகப் பாதுகாப்பு, மகப்பேற்றுப் பாதுகாப்பு எல்லாவற்றிலும் மற்றத் தொழிலாளரைப் போலவே அவர்களும் நடத்தப்பட வேண்டும் என்கிறது அது. இலங்கை இன்னும் அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை.

சட்டம் வரும்வரை வீடும் காத்திருக்க வேண்டுமா? வேலையையும் குடும்பத்தையும் சமமாகக் கொண்டுபோவது எப்படி என்று பேசுகிறவர்கள் எல்லோரும் தாய்க்கே யோசனை சொல்கிறார்கள். நேர அட்டவணை போடு, முதல் நாளே மரக்கறி வெட்டி வை, பொறுமையாய் இரு. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் எழுந்து செல்வார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. நமக்குத் தெரியாத ஹதீஸ் அல்ல. ஆனால் நானாவும் தம்பியும் தாங்கள் சாப்பிட்ட பீங்கானைத் தாங்களே கழுவும் வீடுகள் எத்தனை? உம்மாவுக்கு உதவி என்றால் அது மகளின் படிப்பு நேரத்திலிருந்துதான் வெட்டப்படுகிறது, உயர்தரப் பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போதும்.

இதை இப்போதே எழுதக் காரணம் இருக்கிறது. இன்னும் ஓரிரு வருடங்களில் நம்மில் பலரிடம், "கம்பஸ் எதற்கு, ஒரு கோர்ஸ் செய்துவிட்டு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் உழைக்கலாமே" என்று சொல்வார்கள். அது நல்ல வேலையாகவே இருக்கலாம். வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நான் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும் நாலு மணித்தியாலமும் பிள்ளை யார் கையில் இருக்கும்? அந்த நேரம் வரும் விருந்தாளிக்கு யார் தேத்தண்ணி ஊற்றுவது? உழைக்கும் காசு யார் பெயரில் பேங்கில் விழும்? பெண் பார்க்க வருகிறவர்கள் மஹரைப் பற்றிப் பேசுகிறார்கள், வீட்டுத் தளபாடத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். இதையும் அங்கேயே பேசி முடிக்கலாம். பிறகு ஒரு நாள், ஓடர் ஒருபக்கம் அவசரப்படுத்த, சின்னவன் ஒருபக்கம் அழும்போது, பேச நேரம் கிடைக்காது.