நாவலும் நூல்நிலையமும்

சென்ற கோடை விடுமுறையில், புதுக்கோட்டையை அடுத்த எம் ஊரில் தங்கியிருந்த காலத்து, நூல்நிலையம் ஒன்றிலிருந்து மூன்று நாவல்களை இரவலாகப் பெற்றுப் படித்தேன். அவற்றைப்பற்றி எனக்குத் தோன்றிய கருத்துக்களையும், அவற்றுள் ஒன்றால் நேர்ந்த ஏமாற்றத்தையும் நம் கல்லூரி அன்பர்முன் வைக்க விரும்புகின்றேன்.

முதலில் படித்தது, மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை இயற்றிய பிரதாப முதலியார் சரித்திரம். 1879ஆம் ஆண்டில் வெளிவந்த இதுவே தமிழின் முதல் நாவல் என்பர். கதை செல்லும் வழியெல்லாம் கிளைக்கதைகளும் நீதியுரைகளும் குறுக்கிடுதலின், இக்காலத்து மாணவர் சிறிது சலிப்படைதல் கூடும். ஆயினும், கதாநாயகனினும் அறிவில் மிக்கவளாய், ஆணுடையில் அரசும் புரியும் ஞானாம்பாளை அந்நாளிலேயே படைத்துக் காட்டிய துணிவு போற்றத்தக்கது.

இரண்டாவது, அகிலனின் சித்திரப்பாவை. 1922இல் நம் பெருங்களூரிற் பிறந்த இவ்வாசிரியர்க்கு, 1975ஆம் ஆண்டிற்குரிய ஞானபீடப் பரிசை ஈட்டித் தந்த நூல் இது. தன்னை வலிந்து தீண்டியவனையே மணந்துகொள்ள நேரும் ஆனந்தி, ஈற்றில் அத்தளையை அறுத்தெறிகின்றாள். "பரீட்சைக்கு உதவாத கதைப்புத்தகம் எதற்கு?" என்று கடிந்துகொண்ட என் பாட்டனார், யான் அயர்ந்திருந்த வேளையில் அதனைக் கையிலெடுத்தார், இரண்டு நாள் கீழே வைத்திலர். மூன்றாம் நாள், ஆனந்தி செய்தது தகுமா என்று அவரும் என் பாட்டியாரும் வாதிட்டனர். பாட்டியார் ஆனந்தியின் பக்கமே நின்றார். ஐம்பதாண்டு ஒரு வீட்டில் வாழ்ந்தும் பேசாத ஒன்றை அவ்விருவரும் அன்று பேசினர். நாவலால் பயன் யாது என வினவுவோர்க்கு இதனினும் வேறு விடை கூற யான் அறியேன்.

மூன்றாவது, ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம். 1893 முதல் 1895 வரை விவேக சிந்தாமணி என்னும் மாத இதழில் வெளிவந்தது. சிறுகுளத்துப் பெண்டிரின் வம்புரையும், ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையின் வேடிக்கையும் என்னை வாய்விட்டு நகைக்கச் செய்தன. செல்வத்தை இழந்து வீட்டை விட்டகன்ற முத்துஸ்வாமி ஐயர், கமலாம்பாளை மீண்டும் காண்பாரா என்று நெஞ்சு துடிக்கும் இடத்தில் ஏட்டைப் புரட்டினேன். அதன்பின் அட்டைதான் இருந்தது. இறுதி ஏடுகளை எவரோ கிழித்தெடுத்திருந்தனர்!

பின்னர், திருக்கோகர்ணம் பகுதியிலுள்ள ஞானாலயா ஆய்வு நூலகத்திற்குச் சென்று எஞ்சிய பகுதியைப் படித்து முடித்தேன். பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்னும் தம்பதியர் தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுத் திரட்டிய நூற்செல்வம் அது. அரிய முதற்பதிப்புக்கள் பல அங்கே பேணப்பெறுகின்றன. ஒருவர் கிழித்ததை மற்றொருவர் காத்து வைத்திருந்தமையாலன்றோ என் கதை நிறைவெய்தியது! அவ்வாறு காப்பார் இல்லாத ஊரில் வாழும் வாசகன் யாது செய்வான்?

நிற்க. இரவல் நூலைச் சிதைப்போர், 'நாவல்தானே' என்று கருதுகின்றனர் போலும். பேரகராதிகள் அலமாரியில் அழுக்கின்றி வீற்றிருக்கின்றன. பலர் விரும்பிப் படிக்கும் நாவல்களே விரைவில் நைந்து மறைகின்றன. ஆதலின், இலேசான நூல் என்று எதனை நினைக்கின்றோமோ, அதற்கே நம் பாதுகாப்பு மிகுதியும் வேண்டும் என்பது என் துணிபு.

சென்னை மாகாணத்தில் 1948ஆம் ஆண்டிலேயே பொதுநூலகச் சட்டம் பிறந்தது. இந்திய விடுதலைக்குப்பின் தோன்றிய இத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. அச்சட்டத்தின்படி சொத்துவரியோடு நூலகவரியும் மக்களிடமிருந்து பெறப்படுகின்றது. எனவே, அங்கே நாம் இரவல் பெறும் நூல், எழுத்தறியாத உழவரும் பங்கு செலுத்தி வாங்கியது. அச்சட்டத்திற்கு உழைத்த எஸ். ஆர். ரங்கநாதன், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகன் உண்டு என்பதை 1931ஆம் ஆண்டிலேயே ஒரு விதியாக வகுத்தார். கிழிந்த நூலுக்கு அவ்வாசகன் எங்ஙனம் கிட்டுவான்? ரங்கநாதனும், ராஜமையரும், பத்மாவதி சரித்திரம் இயற்றிய மாதவையரும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்றவர்கள் என்பது, மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

நண்பர்காள்! நாவல்களைக் கூசாது இரவல் பெறுங்கள், விரும்பிப் படியுங்கள், வீட்டாரையும் படிக்கச் செய்யுங்கள். குறித்த நாளில், முதல் ஏடும் கடைசி ஏடும் குறையாது திருப்பிக் கொடுங்கள். நமக்குப் பின்னர் அந்நூலைக் கையேந்துவோன் யாவன் என நாம் அறியோம். எனினும், அவனுக்கும் கதையின் முடிவு தெரியவேண்டுமன்றோ?