ஏழு இடங்கள் யாருக்கு?



எங்கள் வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டைத் துழாவினால் என்னென்னவோ அகப்படும். பழைய கடிதக்கட்டு, காலம் கடந்த பாஸ்போர்ட், ஓடாத கைக்கடிகாரம். சில வீடுகளில் இவற்றோடு ஒரு சின்னக் கணினியும் கிடக்கும். 2000ஆம் ஆண்டுக்குப் பிந்திய சில வருடங்களில் கட்டாரிலும் துபாயிலும் சவூதியிலும் தொழில் பார்த்தவர்கள் கொண்டுவந்தது அது. உள்ளங்கைக்குள் அடங்கும். கண்ணாடித் திரையும், திரையைத் தொடுவதற்குப் பக்கத்தில் செருகிய ஒரு குச்சியும் இருக்கும். பொக்கட் பீசி என்று அதற்குப் பெயர்.

புதிய கைத்தொலைபேசி வந்ததும் வீட்டுக்காரர் இதை மனைவியிடம் கொடுத்துவிடுவார். கொடுக்கும்போது, "இது உனக்கு விளங்காது, கவனமா எடுத்து வை" என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துக் கொடுப்பார். அவளும் ஒருநாள் ஆசைக்குத் திறந்து பார்ப்பாள். முன்னால் நிற்பவை அவருடைய மின்னஞ்சல், மகன் ஏற்றிய விளையாட்டு, எதற்கென்று தெரியாத இரண்டு மூன்று படங்கள். தனக்கு வேண்டிய ஒன்றும் கண்ணில் படாது. மூடி வைத்துவிடுவாள். விளங்காது என்று அவர் சொன்னது சரிதான் என்று நம்பியும் விடுவாள்.

சகோதரிகளே, அங்கே குறை அவளுடைய அறிவில் இல்லை. கருவி இன்னொருவருடைய தேவைக்கு ஏற்ப அடுக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அடுக்கியதை மாற்றி அடுக்கலாம். இந்த மாதம் அதைப் பற்றியே பேசுவோம்.

உங்கள் குசினியை எண்ணிப் பாருங்கள். உப்பும் மிளகாய்த்தூளும் மஞ்சளும் அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். நோன்புக் கஞ்சி காய்ச்சும் பெரிய பானை உயரத்தில் இருக்கும். வட்டிலாப்பம் அவிக்கும் பாத்திரம் பெருநாளைக்கு இறங்கினால் போதும். இந்த ஒழுங்கை எந்தப் புத்தகத்திலும் நீங்கள் படிக்கவில்லை. அன்றாடம் எது வேண்டும், எப்போதாவது எது வேண்டும் என்று உங்கள் கைக்குத் தெரியும். வேறொருவர் வந்து உப்பை மேல்தட்டிலும் பெரும்பானையை அடுப்பருகிலும் வைத்துவிட்டால் உங்களுக்குச் சமைக்கத் தெரியாமல் போய்விடுமா? போகாது. ஆனால் ஒவ்வொரு நேரமும் தடுமாறுவீர்கள்.

கணினியில் அந்த அடுப்பருகுத் தட்டுக்குப் பெயர் ஸ்டார்ட் மெனு. 1995இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 95 என்ற மென்பொருளை வெளியிட்டபோது மேசைக் கணினிகளில் அது அறிமுகமானது. அடுத்த வருடம் சிறு கருவிகளுக்கென்று விண்டோஸ் சீஈ வந்தது. 2000 ஏப்ரலில் பொக்கட் பீசி என்ற பெயரோடு உள்ளங்கைக் கணினிகள் சந்தைக்கு வந்தன. கொம்பாக் நிறுவனத்தின் ஐபேக் அவற்றுள் பேர்பெற்றது. 2003இலிருந்து இந்த மென்பொருளை விண்டோஸ் மொபைல் என்று அழைத்தார்கள். 2009இல் வந்த 6.5 தான் கடைசிப் பெரிய பதிப்பு. அடுத்த வருடம் வந்த விண்டோஸ் போனில் பழைய புரோகிராம்கள் வேலை செய்யவில்லை. அத்தோடு இந்தக் கருவிகள் அலுமாரிக்குப் போயின.

இனி திரையைப் பார்ப்போம். இடது பக்க மேல் மூலையில் விண்டோஸ் கொடி தெரியும். குச்சியால் அதைத் தொட்டால் ஒரு பட்டியல் கீழே இறங்கும். பட்டியலின் நடுப்பகுதியில் சில பெயர்கள் வரிசையாக நிற்கும். அதற்குக் கீழே புரோகிராம்ஸ், செட்டிங்ஸ் என்று இருக்கும். கருவியில் உள்ள மற்றவை எல்லாம் அந்தப் புரோகிராம்ஸ் என்ற உள்ளறையில் கிடக்கின்றன. நடுவில் வரிசையாக நிற்கும் பெயர்களே முன்தட்டு. அந்தத் தட்டில் ஏழு இடங்கள் மட்டுமே உண்டு.

அந்த ஏழை நீங்களே தெரிவு செய்யலாம். ஸ்டார்ட்டைத் தொட்டு, செட்டிங்ஸைத் தொடுங்கள். பெர்சனல் என்ற பகுதியில் மெனுஸ் என்று ஒரு படம் இருக்கும். அதைத் திறந்தால் எல்லாப் பெயர்களும் சிறு பெட்டிகளோடு தெரியும். வேண்டாததில் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டு, வேண்டியதில் சரி அடையாளம் இடுங்கள். வலது பக்க மேல் மூலையில் உள்ள ஓகேயைத் தொட்டால் வேலை முடிந்தது. அடையாளத்தை எடுத்ததால் அந்தப் புரோகிராம் அழிந்துபோகாது. முன்தட்டை விட்டு உள்ளறைக்குப் போகும், அவ்வளவுதான். ஆகவே பயப்படாமல் மாற்றிப் பாருங்கள். (6.5 பதிப்பில் ஸ்டார்ட்டைத் தொட்டால் தேன்கூடு போலப் படங்கள் திரை முழுவதும் விரியும். அங்கே ஒரு படத்தின் மேல் குச்சியைச் சற்று அழுத்திப் பிடித்தால் அதை மேலே நகர்த்தும் வசதி வரும்.)

எந்த ஏழு என்று கேட்பீர்கள். அதை உங்கள் வீடுதான் சொல்லவேண்டும். ஆனாலும் ஓர் உதாரணம் தருகிறேன். கலண்டர் ஒன்று: பிள்ளைகளின் பரீட்சை, கிளினிக் திகதி, சீட்டுக் காசு கட்டும் நாள் இவற்றைக் குறித்து, மணி அடித்து நினைவூட்டச் செய்யலாம். டாஸ்க்ஸ் இரண்டு: செய்யவேண்டியவற்றை எழுதி, முடிந்ததற்குச் சரி இடலாம். பொக்கட் எக்செல் மூன்று: கடைக் கணக்கு, பால் கணக்கு, மின்சாரக் கட்டணம், ஸகாத்துக்கான கணக்கு எல்லாம் இதில் அடங்கும். கல்குலேட்டர் நான்கு. கொன்டாக்ட்ஸ் ஐந்து: டொக்டர், பாடசாலை, சொந்தக்காரர் ஆகியோரின் இலக்கங்களுக்கு. நோட்ஸ் ஆறு. இந்த நோட்ஸில் எழுதுவதோடு பேசிப் பதியவும் முடியும். எழுத்துப் பழக்கம் குறைந்த உம்மும்மா கூட, இன்ன வீட்டுக்கு இவ்வளவு கொடுக்கவேண்டும் என்று தன் குரலிலேயே சொல்லி வைக்கலாம். ஏழாவது இடத்தை வெறுமையாக விடுங்கள். நோன்பு மாதத்தில் ஒன்று தேவைப்படும், பரீட்சைக் காலத்தில் இன்னொன்று தேவைப்படும்.

பட்டியலில் இல்லாத ஒன்று முன்தட்டில் வேண்டுமானால் என்ன செய்வது? புரோகிராம்ஸில் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் என்று ஒன்று உண்டு. அதன் வழியாக வேண்டிய புரோகிராமைத் தேடி, அதன் மேல் குச்சியை அழுத்திப் பிடித்தால் கொப்பி என்று வரும். பிறகு விண்டோஸ் என்ற போல்டருக்குள் உள்ள ஸ்டார்ட் மெனு போல்டருக்குப் போய், வெற்றிடத்தில் அழுத்திப் பிடித்து, பேஸ்ட் ஷோர்ட்கட் என்பதைத் தொடுங்கள். ஷோர்ட்கட் என்பது பொருளல்ல, பொருள் இருக்கும் இடத்தைக் காட்டும் சீட்டு. சீட்டைக் கிழித்தாலும் பொருள் அதன் இடத்தில் இருக்கும். ஆனால் புரோகிராமையே கட் செய்து இடம் மாற்றினால் அது இயங்காமல் போகலாம். ஆகவே மூலத்தைத் தொடவேண்டாம், சீட்டை மட்டும் கையாளுங்கள்.

உள்ளறையையும் இதே முறையில் ஒழுங்காக்கலாம். ஸ்டார்ட் மெனு போல்டருக்குள் புரோகிராம்ஸ் என்ற போல்டர் இருக்கிறது. அங்கே நியூ போல்டர் போட்டு, வீட்டுக் கணக்கு ஒன்றில், பிள்ளைகளின் விளையாட்டு ஒன்றில், அவருடைய தொழில் விடயம் ஒன்றில் என்று சீட்டுகளைப் பிரித்து வைக்கலாம். கருவி ஒன்று, பாவிப்பவர் மூவர் என்றால் ஆளுக்கொரு போல்டர் போதும். ஒருவருடைய சாமானை மற்றவர் கலைக்கத் தேவையில்லை.

போல்டருக்குப் பெயரிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. இந்தக் கருவிகள் பெரும்பாலும் ஆங்கிலத்துக்கென்று வந்தவை. தமிழ் எழுத்தை எல்லாவற்றிலும் எதிர்பார்க்க முடியாது. அதனால் என்ன? கணக்கு, மருந்து, பள்ளி என்ற தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் எழுதி வையுங்கள். எழுத்தை மாற்றிக்கொண்டு மொழியைக் காப்பாற்றுவது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் மூதாதையர் அரபு எழுத்தில் தமிழை எழுதி, அரபுத் தமிழ் என்று ஒரு பெரும் செல்வத்தையே விட்டுச் சென்றார்கள். தமிழ் எழுத்துத் தெரியாத எத்தனையோ பெண்கள் அந்த எழுத்தின் மூலம் மார்க்க நூல்களை ஓதினார்கள். கையில் கிடைத்த கருவியைத் தன் மொழிக்குப் பழக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம்.

இந்த மொழிச் சிக்கலை முன்கூட்டியே யோசித்தவர்களும் இருந்தார்கள். இந்தியாவின் பெங்களூரில், இந்திய விஞ்ஞானக் கழகத்தின் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தின் பொறியியலாளர்களும் சேர்ந்து சிம்பியூட்டர் என்ற கைக்கணினியை உருவாக்கினார்கள். எளியது, மலிவானது, பல மொழி அறிந்தது என்பதே அந்தப் பெயரின் பொருள். 2001இல் அதன் மாதிரியை உலகுக்குக் காட்டினார்கள். ஹிந்தி, கன்னடம், தமிழ் ஆகிய மொழிகளில் எழுத்தை வாசித்துக் காட்டவும் அதற்குக் கற்றுக்கொடுத்தார்கள். வாசிக்கத் தெரியாதவருக்கும் அது பயன்படவேண்டும் என்பது அவர்களுடைய எண்ணம்.

அதில் இன்னுமொரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஒரு கிராமத்துக்கு ஒரு கருவி போதும், ஆளுக்கொரு சிறிய அட்டை இருக்கும். அட்டையைச் செருகினால் அவரவருக்குரிய விபரங்கள் வரும். எடுத்துவிட்டால் அடுத்தவருக்கு இடம் கிடைக்கும். கருவி பொதுவானாலும் ஒழுங்கு அவரவருடையது. 2004இல் அமிடா என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. கைத்தொலைபேசி மலிவாகி வந்த காலம் அது. கருவி மறைந்துவிட்டது. பாவிப்பவருக்குத் தகுந்தபடி கருவி வளையவேண்டும் என்ற அவர்களுடைய எண்ணம் இன்றைக்கும் சரியானதே.

இனிச் சில எச்சரிக்கைகள்.

முதலாவது, பெட்டரி. பல வருடம் கிடந்த பெட்டரி உப்பியிருந்தால் அதை மின்சாரத்தில் போடாதீர்கள். தீப்பிடிக்கக்கூடும்.

இரண்டாவது, 2005இல் வந்த விண்டோஸ் மொபைல் 5.0க்கு முந்திய கருவிகள், சேமித்தவற்றை மின்சாரம் உள்ளவரை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். பெட்டரி முற்றாக இறங்கினால் நீங்கள் அடுக்கிய மெனுவும் போகும், எழுதிய கணக்கும் போகும். ஆகவே எழுதியவற்றை மெமரி கார்டில் சேமியுங்கள். முக்கியமான இலக்கங்களையும் கொடுக்கல் வாங்கலையும் ஒரு கொப்பியிலும் எழுதி வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு அல்லாஹ் கட்டளையிட்டிருக்கும்போது, அந்த எழுத்தை ஒரு பெட்டரியின் தயவில் விடலாமா? பழைய கருவிகள் பல 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டை ஏற்காது என்பதையும் வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, இந்தக் கருவிகளுக்கு இப்போது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. அவற்றை இணையத்தில் இணைத்து வங்கி விடயம் பார்க்கவேண்டாம். வீட்டுக் கணக்குக்கும் குறிப்புக்கும் இணையம் தேவையுமில்லை. கணக்கு எழுத உட்கார்ந்தவளை இடையில் மணியடித்து வேறெங்கோ இழுத்துப்போகாத கருவி இன்றைக்கு ஒரு நிஃமத் அல்லவா?

நான்காவது, அமானிதம். இன்னொருவர் பாவித்த கருவி கைக்கு வந்தால் அவருடைய கடிதங்களும் படங்களும் அதில் மிஞ்சியிருக்கலாம். அவை உங்களுடையவை அல்ல. கொடுப்பவர் அழித்துவிட்டுக் கொடுக்கட்டும். அழிக்காமல் வந்திருந்தால், உரியவரிடம் சொல்லி, தேவையானதை எடுக்கச் செய்து, பிறகு பாவியுங்கள்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. கருவியைக் கொடுக்கும்போது உங்கள் அடுக்கையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, அவளுக்கு விளங்கவில்லை என்று சொல்வது நியாயமல்ல. பத்து நிமிடம் பக்கத்தில் இருந்து, எது முன்னால் வேண்டும் என்று கேளுங்கள். குச்சியை அவள் கையில் கொடுங்கள். நீங்கள் தொட்டுக் காட்டினால் நீங்கள்தான் படிப்பீர்கள். அவள் தொட்டால்தான் அவள் படிப்பாள்.

வீட்டில் இந்தப் பழைய கருவி இல்லாத சகோதரிகளும் இதைத் தங்களுக்கில்லை என்று எண்ணவேண்டாம். இன்று உங்கள் கையில் உள்ள கைத்தொலைபேசியின் முதல் திரையைப் பாருங்கள். அங்கே நிற்பவற்றை யார் வைத்தது? பாதி கம்பனி வைத்தது, மீதி பிள்ளைகள் வைத்தது. கண்ணுக்கு முன்னால் இருப்பதைத்தான் கை தொடும். கை தொடுவதில்தான் நேரம் போகும். முதல் திரையை மற்றவர்கள் அடுக்கினால் உங்கள் நாளையும் அவர்கள்தான் அடுக்குவார்கள்.

ஆகவே கருவியைத் தொடுமுன் ஒரு துண்டுத் தாளை எடுங்கள். உங்கள் வீட்டுக்கு அன்றாடம் வேண்டிய ஏழு காரியங்களை எழுதுங்கள். ஏழுக்கு மேல் வந்தால் எதை வெட்டுவது என்று யோசியுங்கள். அந்த யோசனைதான் கடினமான பகுதி. அதை முடித்துவிட்டால் மெனுவை மாற்றுவது ஐந்து நிமிட வேலை.