அச்சுக்குச் செல்லுமுன்

1713-ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் அச்செழுத்துக்கள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை அளவிற் பெரியவாய்க் காகிதத்தை மிகுதியும் விழுங்கவே, மிஷனார் சிறிய எழுத்துக்களை அங்கேயே வார்ப்பித்து, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். எழுத்தும் காகிதமும் ஒன்றுக்கொன்று இசைதல் வேண்டுமென்பதை அவர்கள் அன்றே அறிந்தனர்.

ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் ஒவ்வோர் எழுத்தையும் கண்டு கோத்தார். பிழை காணவும் அவருக்கு இடமிருந்தது. இந்நாளிலோ நாம் கணினியில் அமைத்தனுப்பும் கோப்பு பெரும்பாலும் மாறாமலே தகட்டில் ஏறுகிறது. ஆதலின் அவர் பொறுப்பு நம்மேலதாயிற்று என்பதே எம் கருத்து.

சேர்வராயன் மலைக் காட்சியொன்றை மலரில் இடுவதாகக் கொள்வோம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தின் பசுமை, திரையில் ஒளியாற் சுடர்கிறது. காகிதத்திலோ சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு மைகளே அதனைக் காட்டுதல் வேண்டும். மைக்குரிய நிறமுறைக்கு முன்னரே மாற்றிப் பாராதார், மங்கிய மலையைக் கண்டு அச்சகத்தாரை நோவர். அச்சிடும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இல்லையேற் படம் தெளிவு குன்றும். ஓரம்வரை செல்லும் படம் வெட்டுக்கோட்டுக்கப்பால் 3 மில்லிமீட்டர் நீளாவிடில் வெள்ளைக் கீற்றுத் தோன்றலாம். எழுத்துருவைக் கோப்பினுள் பதியாது விடின், பிறர் கணினியில் தமிழ் உருமாறிப் போதலுங் கூடும்.

இவையெல்லாம் சிறு காரியங்களெனச் சிலர் கூறலாம். ஆயிரம் படிகள் அச்சான பின், ஒரு மாணவர் பெயரிற் கொம்பு இடம் மாறி நிற்குமாயின் அதனை யார் திருத்துவர்? எனவே, திரையை மட்டும் நம்பாது, காகிதத்தில் எடுத்த படியொன்றை இருவர் எழுத்தெழுத்தாய்ப் படித்த பின்னரே மலர்க்குழுவினர் கோப்பை அனுப்புதல் வேண்டும். அதற்கு ஒரு நாள் செல்லும். மலரோ நூலகத்தில் நெடுங்காலம் நிற்கும்.