சேறு காலியிடம் அல்ல

'நாங்கள் சேற்றில் கால் வைத்தால்தான் நீங்கள் சோற்றில் கை வைக்க முடியும்' என்பார்கள். எங்கள் ஜித்ராவில் இந்தச் சொல்லுக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வயல். கெடா நாட்டின் நெற்களஞ்சியம் என்பதைத் தமிழ்ப்பள்ளியிலேயே மனப்பாடம் செய்து வளர்ந்தவர்கள் நாங்கள். வயல்சேற்றை அழுக்கு என்று எங்கள் ஊரில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆனால், அதே ஊரிலிருந்து மேற்கே சென்று, வயல் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் நின்றால் நம் பேச்சு மாறிவிடுகிறது. கடல்நீர் இறங்கியதும் வெகுதூரம் வரை கறுத்த சேறு தெரியும். "இது என்ன கடல், ஒரே சகதி!" என்று முகம் சுளித்துவிட்டு, லங்காவிக்குப் படகு ஏற கோல கெடாவை நோக்கி நடக்கிறோம். நமக்குக் கடல் என்றால் வெள்ளை மணல். அல்லது பாயார் தீவின் பவளப்பாறை. சேறு கணக்கில் வராது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், கடந்த ஆண்டு வரை.

என் வீட்டில் கடலைப் பற்றிய பேச்சே குறைவு. தாத்தாவும் பாட்டியும் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். 2004 டிசம்பர் 26-இல் சுனாமி கெடாவின் கோத்தா கோல மூடாவைத் தாக்கியபோது நான் கைக்குழந்தை. அதற்குப் பிறகு, "தண்ணிப் பக்கம் போகாதே" என்பது பாட்டியின் நிரந்தரச் சட்டமானது. இடைநிலைப்பள்ளி முடிக்கும்வரை எனக்கு நீச்சல் தெரியாது. பல்கலைக்கழகத்தில்தான் கற்றுக்கொண்டேன். பிறகு முக்குளிப்புப் பயிற்சி. பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தோடு நண்பர்களுடன் சபாவின் செம்பூர்ணாவுக்குப் போனேன். ஆமைகளும் சுறாக்களும் நிறைந்த சிபாடானைப் பார்ப்பதுதான் ஆசை. ஆனால், முதல் நாள் எங்களை இறக்கிவிட்ட இடம் மாபுல் தீவின் அருகே ஒரு மங்கிய நீர்ப்பரப்பு. கீழே இருந்தது மண்ணும் சேறும்தான். நான் ஏமாந்து போனேன்.

இதற்கு 'மக் டைவிங்' என்று பெயர். சேற்று முக்குளிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 1980-களில் பாப்புவா நியூகினியின் மில்ன் விரிகுடாவில் பாப் ஹால்ஸ்டெட் என்ற முக்குளிப்பாளர் வழியாக இந்தப் பெயர் பரவியது. பவளத்தை விட்டுவிட்டு, பார்வைக்கு ஒன்றுமில்லாத சேற்றுத் தரையில் பொறுமையாகத் தேடுவதே இதன் அடிப்படை. இந்தோனேசியாவின் லெம்பே நீரிணையும் நம் நாட்டின் மாபுலும் இதற்குப் புகழ் பெற்றவை.

இறங்கிய வேகத்தில் நான் செய்த முதல் காரியம், துடுப்புக் காலணியால் தரையை உதைத்ததுதான். சேறு புகைபோல் எழுந்து, எனக்கும் எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் எதுவும் தெரியாமல் போனது. வழிகாட்டி கையால் 'பொறு' என்று சைகை காட்டினார். சேறு அடங்கும் வரை அசையாமல் மிதந்தோம். அடங்கிய பின் அவர் ஒரு சிறு துளையைச் சுட்டினார்.

துளையின் வாசலில் விரல் நீளத்தில் ஒரு மீன் காவல் நின்றது. உள்ளிருந்து ஓர் இறால், புல்டோசர்போல் மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது, கொட்டிவிட்டு உள்ளே போனது, மீண்டும் வந்தது. அந்த இறாலுக்குப் பார்வை மிகவும் மங்கல். அதனால் வெளியே வரும்போதெல்லாம் தன் மீசையை மீனின் உடலில் தொட்டபடியே இருக்கும். ஆபத்து என்றால் மீன் வாலை நடுக்கும். இறால் உடனே உள்ளே ஓடிவிடும். வீடு கட்டுவது இறால், காவல் காப்பது மீன், குடியிருப்பது இரண்டும். கூட்டுக்குடித்தனம் என்பதைப் பாடநூலில் படித்திருக்கிறேன். அன்று சேற்றில் கண்டேன்.

அந்த ஐம்பது நிமிடத்தில் தவளை மீனையும் பார்த்தேன். கல் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். கல்லுக்குக் கண் இருப்பதை வழிகாட்டிதான் காட்டினார். அது நீந்தித் துரத்தாது. நெற்றியில் நீண்டிருக்கும் தூண்டிலை ஆட்டி இரையை வரவழைத்து, நாம் கண் இமைப்பதற்குள் விழுங்கிவிடும்.

கரையேறிய பிறகு தேடிப் படித்ததில் இன்னும் வியந்தேன். சேற்றில் வாழும் ஒருவகை ஆக்டோபஸ், நாம் தூக்கியெறியும் தேங்காய்ச் சிரட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்கும். ஆபத்து வந்தால் இரண்டு சிரட்டைகளை மூடி உள்ளே ஒளிந்துகொள்ளும். பின்னால் பயன்படும் என்று ஒரு பொருளைச் சுமந்து செல்வதால், இதைக் கருவியைப் பயன்படுத்தும் அறிவு என்று 2009-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். வேறொரு ஆக்டோபஸ், தட்டை மீனைப் போலவும் கடற்பாம்பைப் போலவும் உருமாறிக் காட்டும். அது சுலாவேசியில் ஓர் ஆற்றின் சேற்று முகத்துவாரத்தில் 1998-இல்தான் ஆய்வாளர் கண்ணில் பட்டது. அறிவியல் பெயர் கிடைத்தது 2005-இல்.

இந்த ஆண்டுகளைச் சற்று நினைத்துப் பாருங்கள். மனிதன் நிலவில் கால் வைத்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகுதான், ஆழம் குறைந்த சேற்றில் இருந்த ஓர் உயிரை அடையாளம் கண்டோம். அந்த முகத்துவாரத்தை அதற்கு முன்பே யாராவது தூர்த்திருந்தால்? எதை இழந்தோம் என்பதுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

நான் சொல்ல வருவது இதுதான். பவளத்தை அழிக்க நாம் கொஞ்சமாவது தயங்குகிறோம். சேற்றை மூடுவதற்குத் தயங்குவதே இல்லை. தீபகற்பத்தின் கடல் பூங்காக்கள் பெரும்பாலும் தீவுகளைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. எங்கள் பாயாரும் அப்படித்தான். பெருநிலக் கரையின் சேற்றுக்கு அந்த மதிப்பு இல்லை. வரைபடத்தில் அது காலி மனைபோலத் தெரிகிறது.

ஜொகூரின் பூலாய் ஆற்று முகத்துவாரத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே சேறும் மணலும் கலந்த தரையில் கடற்புல் வளர்கிறது. அதில் கடல்குதிரைகள் வாழ்கின்றன. கடல் உயிரியலாளர், மறைந்த சூ சீ குவாங், 2000-களின் நடுவில் தன்னார்வலர்களைத் திரட்டி, நீர் இறங்கும் நேரத்தில் அந்தத் தரையில் நடக்க வைத்தார். கடல்குதிரைகளைத் தேடி, அளந்து, குறித்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே விட்டார்கள். அதே கரையில் 2014-இல் ஃபாரஸ்ட் சிட்டி திட்டத்துக்காகக் கடலைத் தூர்க்கும் வேலை தொடங்கியது. கடற்புல்லுக்கு நேர்ந்த பாதிப்பு அப்போது நாடெங்கும் பேசப்பட்டது. நமக்கு அருகில், பினாங்கின் தெற்குக் கரையில் சிலிக்கான் தீவுக்கான தூர்ப்பு வேலை 2023-இல் தொடங்கியது. அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாக எதிர்ப்புத் தெரிவித்து வந்தவர்கள்.

"வீடு வேண்டாமா, வேலை வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. படித்து முடித்தால் நானும் வேலை தேடத்தான் போகிறேன். ஆனால், சேற்றிலும் வேலை இருக்கிறது. இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் சேற்று முக்குளிப்பின் மதிப்பு ஆண்டுக்கு 15 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் என்று 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. முக்குளிக்க யாரும் வராத கரையிலும் சேறு சும்மா இருப்பதில்லை. சார் குவே தியாவில் நாம் தேடித் தேடித் தின்னும் கெராங் சேற்றில்தான் வளர்கிறது. ஜித்ரா சந்தையில் விலை பேசி வாங்கும் இறாலில் பலவகை, குஞ்சுப் பருவத்தைக் கண்டல் காட்டுச் சேற்றில் கழித்தவை. வயல்சேறு சோறு போடுகிறது என்றால், கடல்சேறு குழம்பு வைக்கிறது.

சேற்றுக் கடலையும் சட்டத்தால் காக்க முடியும். தமிழ்நாட்டில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரம், பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதலாவது. கடற்பசுவை அங்குள்ள மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். அதன் உணவு கடற்புல். பளபளக்கும் பவளத்துக்காக அல்லாமல், ஆழமற்ற கடலின் புல்தரைக்காக ஓர் அரசு எல்லைக்கோடு போட்டது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

முக்குளிப்பவர்களும் குற்றமற்றவர்கள் அல்லர். நல்ல படம் கிடைக்க வேண்டும் என்பதற்காக உயிர்களைக் குச்சியால் குத்தி நகர்த்துகிறவர்கள் உண்டு. நானும் முதல் நிமிடத்திலேயே எத்தனை வீட்டு வாசலை உதைத்துக் கலைத்தேனோ! நேசிக்கிறோம் என்று சொல்லி இறங்குகிறவர்களுக்குத்தான் அடக்கம் அதிகம் தேவை.

தம்பி தங்கைகளே, எல்லாரும் மாபுலுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அது செலவு பிடிக்கும் பயணம் என்று எனக்கும் தெரியும். ஆனால், நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். பயத்துக்கு மருந்து விலகி நிற்பதல்ல. எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். முடித்துத் துறையைத் தேர்ந்தெடுக்கும்போது மருத்துவம், சட்டம், பொறியியல் என்ற மூன்றோடு பட்டியலை முடித்துவிடாதீர்கள். மலேசிய திரெங்கானு பல்கலைக்கழகத்திலும் மலேசிய சபா பல்கலைக்கழகத்திலும் கடல் அறிவியல் இருக்கிறது. வார இறுதியில் ஒருநாள் ஆசிரியரோடோ பெற்றோரோடோ, நீர் இறங்கும் நேரம் பார்த்து அருகிலுள்ள கரைக்குப் போங்கள். ஓரிடத்தில் அசையாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். நண்டு வெளியே வரும். சேற்றில் துள்ளும் மீன் வரும். தொடாமல் பாருங்கள், எண்ணுங்கள், எழுதி வையுங்கள். நாளை ஒருவர் வந்து "இங்கே ஒன்றுமில்லை, தூர்த்துவிடலாம்" என்று சொன்னால், "இருக்கிறது, இதோ கணக்கு" என்று காட்ட யாராவது வேண்டும்.

விடுமுறையில் வீட்டுக்கு வந்தபோது, அந்த மீனையும் இறாலையும் பற்றிப் பாட்டியிடம் சொன்னேன். தண்ணிப் பக்கம் போனதற்குத் திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். பாட்டி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கண்ணு தெரியாததுக்கு அது காவல் நிக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப அது வீடுதான்" என்றார்.