சாதி நாய்

உயர்ந்த இனம் என்று கருதப்படும் நாய்க்கு நம்ம ஆட்கள் வைத்திருக்கும் பெயர் 'சாதி நாய்'. தெருவில் திரிவதற்கு ஆங்கிலேயன் வைத்த பெயர் 'பரையா டாக்'. அந்தப் 'பரையா', பறையர் என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனது. வெளிநாட்டிலிருந்து நாய் தருவிக்கும் ஆசையைப் பற்றிப் பேசுவதென்றால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். விலை, விமானம், தடுப்பூசி எல்லாம் அப்புறம்.

மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896-இல் டான் சாய் யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன்பின் வந்த தோட்டங்களில் துரை பங்களா நாய் ஒன்று, லயத்து நாய் ஒன்று என்று இரண்டு உலகம் இருந்தது. பங்களா நாய்க்கு இனப் பெயர் உண்டு, இறைச்சி உண்டு. லயத்து நாய்க்கு மணி, டைகர் என்று ஏதோ ஒரு பெயரும் மீந்த சோறும். காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனதும், இருட்டில் பால்வெட்டுக்குக் கிளம்பியவர்களின் கூடவே நடந்ததும் லயத்து நாய்தான்.

அந்த லயத்துப் பேரன் இன்று அலோர் காஜாவிலோ ஜாசினிலோ ஒரு தாமானில் வீடு வாங்கியிருக்கிறான். நல்லது. கைப்பேசியைத் தட்டி 'இம்போர்ட்' பிரெஞ்சு புல்டாக் தேடுகிறான். அவன் தேடுவது நாயை அல்ல, துரை பங்களாவின் வராந்தாவை. இது அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம். குட்டி விற்கிறேன் என்று படம் அனுப்புகிறவனுக்கு நன்றாகத் தெரியும்.

அவன் எப்படி வேலை செய்கிறான்? முதலில் பாதிப் பணம். பிறகு விமானக் கூண்டுக்கு. பிறகு காப்புறுதிக்கு. பிறகு, "குட்டி விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டது, இன்றைக்கே கட்டாவிட்டால் செத்துவிடும்". ஏற்கெனவே கட்டியது போய்விடுமே என்ற பயத்தில் நாம் கட்டிக்கொண்டே போகிறோம். கடைசிவரை நாய் என்று ஒன்று இருந்ததே இல்லை. இது ஏதோ நம்மூர் ஏமாளிக் கதை அல்ல. இல்லாத நாய்க்குட்டிகளை விற்கும் இணையதளங்கள் நடத்தியதாக கேமரூனில் இருக்கும் ஒருவர் மீது கூகுள் நிறுவனமே 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் வழக்குப் போட்டது.

இரண்டாவது வகை இதைவிட மோசம். நாய் நிஜம், வந்த வழி திருட்டு. இங்கே ஒரு சின்னக் கணக்குப் போதும். ரேபிஸ் தடுப்பூசி வழக்கமாக மூன்று மாத வயதில்தான் போடப்படும். எதிர்ப்புச் சக்தி உருவாக மேலும் சில வாரம் ஆகும். அப்படியிருக்க, ரேபிஸ் உள்ள தாய்லாந்திலிருந்து எட்டு வாரக் குட்டி "நேத்துதான் இறங்குச்சு" என்று ஒருவன் சொன்னால், ஒன்று அவன் பொய் சொல்கிறான், அல்லது அது கடத்தல். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் ரேபிஸ் தலைகாட்டியது. 2017-இல் சரவாக்கில் பரவத் தொடங்கி மனித உயிர்களைத் தின்றது. அறிகுறி தெரிந்துவிட்டால் அந்த நோயிலிருந்து பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். கடத்தல் குட்டிக்கு நாம் கொடுக்கும் விலையில் பக்கத்து வீட்டுக் குழந்தையின் கையும் அடக்கம்.

மூன்றாவது, எல்லாமே முறையாக வந்த நாய். பிரெஞ்சு புல்டாக்கின் முகம் மனிதர் ரசனைக்காகத் தட்டையாக்கப்பட்டது. அதனால் மூச்சுவிடவே சிரமப்படும். பல விமான நிறுவனங்கள் அதை ஏற்ற மறுப்பது அதனால்தான். ஹஸ்கி சைபீரியப் பனிக்குப் பிறந்தது. அதை மலாக்கா வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கட்டிப்போடுவதற்குப் பெயர் பாசமா?

"சரி, அப்போ வாங்கவே கூடாதா?" என்று கேட்பீர்கள். வாங்குங்கள், ஆனால் வேலை செய்து வாங்குங்கள். தாய் நாயோடு குட்டியை நேரலைக் காணொளியில் காட்டச் சொல்லுங்கள். உங்கள் பெயரையும் அன்றைய தேதியையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். அந்த நாட்டுக் கென்னல் சங்கத்துக்கு நீங்களே எழுதிப் பதிவு எண்ணைச் சரிபாருங்கள். வம்சாவளிப் பத்திரம் அப்பன் ஆத்தா யார் என்று சொல்லும், உடம்பு எப்படி என்று சொல்லாது. ஜெர்மன் ஷெப்பர்ட் என்றால் பெற்றோரின் இடுப்பு எலும்புப் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். நாய் கிளம்பும் முன்பே இறக்குமதி அனுமதி கையில் இருக்க வேண்டும். பிட்புல், அகிதா, தோசா இறக்குமதிக்குத் தடை. ராட்வைலர், டாபர்மேன் போன்றவற்றுக்குத் தனிக் கட்டுப்பாடு. சான்றிதழில் இருக்கும் மைக்ரோசிப் எண்ணும் நாயின் தோலுக்கடியில் இருக்கும் எண்ணும் ஒன்றா என்று கால்நடை மருத்துவரை வைத்துப் பாருங்கள். தனிமைப்படுத்தும் செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள். பணம் போடும் முன் போலீஸின் 'செமாக் மூல்' தளத்தில் வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டிப் பாருங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 997-க்கு அடியுங்கள்.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவருக்கு நாய் வளர்க்கும் பொறுமையும் இருக்காது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "வெள்ளைக்காரன் நாய் எதுக்கு, ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை வரவழைப்போம். நம்ம இனம்!" என்பவர்கள். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் இந்தியாவும் ரேபிஸ் உள்ள நாடுதான். மேலே சொன்ன ஒவ்வொரு சோதனையும் அதற்கும் பொருந்தும். ராஜபாளையத்தில் தூய வெள்ளையையே தேடித் தேடி இனம் பெருக்கியதில் பிறவிச் செவிடு அந்த இனத்தின் தெரிந்த குறையாகிவிட்டது. தூய்மை என்று எதைக் கும்பிட்டாலும் கடைசியில் ஒரு உயிர்தான் விலை கொடுக்கிறது. துரையின் சாதிக்குப் பதில் நம்ம சாதி என்று மாற்றிக்கொள்வது விடுதலை ஆகாது.

தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிந்து, சனங்கள் அடுக்குமாடிக்குப் போனபோது எத்தனையோ நாய்கள் செம்பனைக்குள் விடப்பட்டன. அவற்றின் வாரிசுகள் இன்று நம் கடை வாசல்களிலும் கோயில் வாசல்களிலும் குட்டி போடுகின்றன. ஊராட்சி மன்றத்து ஆட்கள் வந்து பிடித்துப் போகிறார்கள். பைரவருக்கு நாய் வாகனம் என்று பூசை செய்யும் நாம் அப்போது கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஒரு இறக்குமதிக் குட்டிக்கு வைத்திருக்கும் பணத்தில் இந்த நாய்களில் எத்தனைக்குத் தடுப்பூசி போடலாம், கருத்தடை செய்யலாம், லைசன்ஸ் எடுக்கலாம் என்று உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

பிறகு அதில் ஒன்றை வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். யாராவது வந்து "என்ன ஜாதி?" என்று கேட்டால், ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள். "ஜாசின்."